கைப்பிடியில் இல்லாத சூடு

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு சொலவடை உண்டு. நாறும்பூநாதன் படித்தவன், எழுதியும் கொடுத்தவன். அவனால் கெட்டது ஏடும் இல்லை, பாட்டும் இல்லை. உயிரும் சதையுமாக ஒரு காவல்காரன், பெயர் துரைப்பாண்டி.

நடந்தது 1952-ஆம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற சமயம். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரம் சண்முகையாவின் கமிஷன் கடையும், சரக்கு அடைக்கிற கிட்டங்கியும் இருந்தன. சுத்துப்பட்டிக் கரிசலில் எடுக்கிற பருத்தியில் பெரும்பங்கு அங்கேதான் வந்து விழும். வாரத்துக்கு ஒரு தடவை மில்லுக்கு லாரி போய்விடும். அந்த வருஷம் மில்லில் என்னவோ இயந்திரக் கோளாறு, இரண்டு மாசமாக லாரி எட்டிப் பார்க்கவில்லை. அதற்காகப் பருத்தி வெள்ளாமைச் சம்சாரிகள் வண்டி கட்டுவதை நிறுத்துவார்களா? வந்த பருத்தியை எல்லாம் மூட்டை அவிழ்த்துக் கொட்டி அம்பாரம் போட்டார் சண்முகையா. அம்பாரம் ஏறி ஏறி ஓட்டுச் சட்டத்தை முட்டியது. ஒரு நாள் மத்தியானம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசருகிற நேரத்தில், அத்தனையும் எரிந்துபோனது.

காவலுக்கு இருந்தவன் துரைப்பாண்டி. குருவிகுளம் பக்கத்து ஆட்டுக்காரன். மழை பொய்த்து ஆட்டை விற்றுவிட்டு, பெண்டாட்டி பேச்சித்தாயைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவன். போலீஸ் வந்து கேட்டபோது அந்த மனுஷன் ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாமல் நின்றான்.

"பீடி குடிச்சியால?"

"குடிச்சேன் சாமி. வெளிய, வேப்பமரத்தடியில."

"அப்புறம் எப்படித் தீப்பிடிச்சுது?"

"தானாத்தான் பொகைஞ்சுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் நியாயஸ்தர். கேட்டுத்தான் வைப்போமே என்று ஆளனுப்பி நாறும்பூநாதனை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்.

நாறும்பூநாதனுக்கு இருபத்தெட்டு வயது. சின்ன வயசிலிருந்தே ஹாஸ்டல் ஹாஸ்டலாக வளர்ந்து, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற டெமான்ஸ்ட்ரேட்டர் ஆகிவிட்டான். கோடை லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். ஊரில் நிலபுலன், அம்மா காந்திமதியம்மாள், அப்பா இல்லை. பருத்தி தானாகத் தீப்பிடிக்குமா என்று ஒரு போலீஸ் அதிகாரி தன்னைக் கேட்கிறார் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்து பருத்தியும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டு போனான்.

ஸ்டேஷன் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. காய்ந்த பருத்தி ஒரு கைப்பிடி, நனைத்த பருத்தி ஒரு கைப்பிடி என்று இரண்டு தட்டில் வைத்தான். எதையும் விட்டுவிடாத ஆள் அல்லவா! இரண்டையும் காலையிலிருந்து உச்சிவரைக்கும் வெயிலில் வைத்துத் தெர்மாமீட்டரைச் செருகிச் செருகிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக நனைத்த பருத்தியில் தீக்குச்சியையே உரசி வைத்தான். அது இருமிவிட்டு அணைந்தது.

"பாருங்க. ஒரு கைப்பிடியில நடக்காதது கிட்டங்கியிலும் நடக்காது. கிட்டங்கின்னா என்ன? பல ஆயிரம் கைப்பிடி, அவ்வளவுதான். ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா எல்லாத்தையும் தெரிஞ்ச மாதிரி" என்றான். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம். எதையும் பிரி, துணுக்கைப் பார், முழுசும் விளங்கும். அதைத்தான் அவன் பௌதிகம் என்று நம்பியிருந்தான்.

நனைத்த பருத்தியை அவன் கையில் எடுத்தபோது மட்டும் கூட்டத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. தீக்குச்சி அணைந்ததும் எல்லாரும் சேர்ந்து, "சரியாச் சொன்னீரு!" என்றார்கள். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, பட்டத்தைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

துரைப்பாண்டியை விலங்கு மாட்டிக் கூட்டிப்போகும்போது அவன் நாறும்பூநாதன் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"அய்யா, பொகை மேலயிருந்து வரல. நடுவுலயிருந்து வந்துச்சு."

அந்த வார்த்தையோடு நாறும்பூநாதனின் தூக்கம் போனது. பீடித்துண்டு விழுந்தால் மேலே விழும், மேலே எரியும். ஆள் உயரத்துக்கு மேல் பருத்தி அமுங்கிக் கிடக்கிற அம்பாரத்தின் நடுவில் எவன் போய்ப் பீடி குடித்தான்? பொய் சொல்கிறவன் இப்படி ஒரு பொய்யையா சொல்லுவான்? வீட்டுக்கும் சப்-ஜெயிலுக்கும், சப்-ஜெயிலுக்கும் எரிந்த கிட்டங்கிக்கும் நாலு தடவை, ஐந்து தடவை நடந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

"ஏல நாறும்பு, காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டா பொறந்த? ஒரு எடத்துல இரியேம்ல. பாக்கிற எனக்குத் தல சுத்துது" என்று காந்திமதியம்மாள் வைதாள்.

பத்து நாள் இப்படிப் போனது. கோர்ட்டில் வாய்தா போட்டிருந்தார்கள், இன்னும் பதினாறு நாள் இருந்தது. தீ வைத்த குற்றத்துக்கு வருஷக்கணக்கில் தீட்டிவிடுவார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

கோடையில் எருக்குழியை வெட்டிக் குப்பையை வயலுக்கு அடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நாறும்பூநாதன் வீட்டுப் பின்கட்டில் குப்பை அள்ள வந்த பெண்களில் பேச்சித்தாயும் இருந்தாள். புருஷனை உள்ளே தள்ளியவன் வீட்டுக்கே கூலிக்கு வரவேண்டிய கொடுமையைப் பாருங்கள். வந்து நாலு நாளாகியும் அவன் நிற்கிற திசையில் அவள் முகம் திருப்பவில்லை.

அன்று குழியின் நடுவில் மண்வெட்டி இறங்கியதும் குபுக்கென்று ஆவி வந்தது. பேச்சித்தாய், "யாத்தே!" என்று காலைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். உள்ளங்கால் சிவந்துபோயிருந்தது.

"என்னாச்சு?" என்று ஓடினான் நாறும்பூநாதன்.

அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது அவள் வாயில் வந்தது. "சுடுது! குப்பை சுடுதுன்னா நம்புவீகளா, இல்ல இதுக்கும் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டுல வச்சுப் பாப்பீகளா?"

மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் கோபப்படவில்லை. அவள் சொன்னபடியே குனிந்து, ஆவி பறக்கிற குப்பையில் ஒரு கைப்பிடி அள்ளினான். சுட்டது. கையை மாற்றிக்கொண்டு நிமிர்வதற்குள் சூடு குறைந்தது. நாலு எட்டு வைத்து வெயிலுக்கு வருவதற்குள் வெறும் சாணியும் வைக்கோலுமாக ஆறிப்போனது.

"இதுக்கு யாரு தீ வச்சா?" என்று கேட்டான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? குப்பைக்கு எவன் தீ வைப்பான்? தட்டி வச்சா வரட்டியாக் காயுது. குமிச்சு வச்சா வேகுது" என்றாள் அவள்.

அவன் உள்ளங்கையில் ஆறிக்கிடந்த குப்பையைப் பார்த்தான். தானே கரும்பலகையில் ஐந்து வருஷமாக எழுதிப்போடுகிற வரி கண்முன் வந்து நின்றது. வெப்பம் என்பது துகள்களின் ஓட்டம். ஒற்றைத் துகளுக்கு வெப்பநிலை உண்டா? கிடையாது. கூட்டத்துக்குத்தான் உண்டு. பையன்கள் எழுதிக்கொள்வார்கள், இவன் அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவான். அடப்பாவி, என்ன எழுதுகிறோம் என்று ஒரு நாளாவது காதில் வாங்கியிருக்கக் கூடாதா!

பருத்திக்கொட்டைக்கு உயிர் இருக்கிறது. ஈரம் பட்டால் மூச்சுவிடும், மூச்சுவிட்டால் துளி சூடு பிறக்கும். தனியே கிடந்தால் அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். அம்பாரத்துக்குள் எங்கே போகும்? பக்கத்துக் கொட்டையின் சூடு இதை மூடும், இதன் சூடு அதை மூடும். சூடு ஏற ஏறக் கொட்டை இன்னும் வேகமாக மூச்சுவிடும். ஒரு கைப்பிடியை எத்தனை வருஷம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியப்போவதில்லை. கைப்பிடியில் அது இல்லவே இல்லை. ஆனால் ஈரம் வேண்டும். காய்ந்த பருத்தி என்றல்லவா எல்லாரும் சொன்னார்கள்?

சண்முகையாவின் கடைக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க. வந்த பருத்தி ஈரமா இருந்துச்சா?"

சண்முகையா விசிறியை நிறுத்தினார். "என்ன தம்பி பேசுதீரு? ஈரப் பருத்திய நான் தொடுவனா? நீருதான எழுதிக் குடுத்தீரு, ஈரமானாலும் பத்தாதுன்னு. அதோட விட்ரும்."

டீக்கடையில் கேட்டான். பருத்தி போட்ட சம்சாரிகள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேர் பருத்தியும் கருவாடாய்க் காய்ந்திருந்ததாம். "என் பருத்திய ஈரம்னு எவஞ் சொன்னான்?" என்று ஒருத்தர் துண்டை உதறி எழுந்தே விட்டார். சப்-இன்ஸ்பெக்டரிடம் போனான். "நீங்களே எழுதிட்டு நீங்களே அடிக்கச் சொல்றீங்க. சாட்சி இருக்கா? இல்லாமப் போனா உங்க காலேஜுக்குத்தான் தலைகுனிவு" என்று அவர் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் நின்றான்.

"யம்மா, நம்ம பருத்தியில தண்ணி தெளிச்சுத்தான் அனுப்புனமா?"

காந்திமதியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "தண்ணி தெளிக்கதுன்னு அசிங்கமாச் சொல்லாத. தாகம் தீர்க்கதும்பாவ. மூட்ட கட்டுததுக்கு முன்ன ஒரு செம்புத் தண்ணியில வேப்பங்கொழைய முக்கி ஒரு சிலுப்பு. பருத்தி பறக்காம இருக்கும், எடையும் ரவ நிக்கும். ஊருல எவ வீட்டுல செய்யல?"

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? டேசன் வாசல்ல ஈரப் பருத்தியத் தட்டுல வச்சப்ப எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்ட அடி எனக்குத்தான் தெரியும்."

"யம்மா, அந்தத் தண்ணியிலதான் கிட்டங்கி எரிஞ்சுது."

"ஒரு செம்புத் தண்ணியிலயா? வருஷா வருஷம் தெளிக்கோம், இந்த வருஷந்தான் எரியுதாக்கும்? ஒரு கைப்பிடியில நடக்காதது கிட்டங்கியில நடக்காதுன்னு நீதானல சொன்ன?"

லாரி வராமல் இந்த வருஷம்தான் அம்பாரம் ஓட்டை முட்டியது என்று அவன் சொல்லிப் பார்த்தான், அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். ஊர் முழுக்க இப்போது அவன் வாக்கியத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தது. நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு செம்பு. எந்தச் செம்பிலும் தீ இல்லை. எவனும் பொய் சொல்வதாக நினைக்கவும் இல்லை.

மறுநாள் பேச்சித்தாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். "நான் தப்பா எழுதிட்டேன்மா. திருத்தணும்னா ஒரு அம்பாரம் போட்டுக் காட்டணும். அதுக்கு ஊர்ப் பருத்தி வேணும், ஊர் தெளிச்ச மாதிரியே. ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒத்துக்கச் சொல்லி ஏன் கேக்கீக? பருத்திய மட்டும் கேளுங்க" என்றாள்.

அவனைக் கேட்கவிடவில்லை, அவளே போனாள். வீடுவீடாக வாசலில் நின்று மடியை ஏந்தினாள். தண்ணீர் என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. "கமிசன் கடைக்குக் கொண்டுபோற பதத்துல ஒரு மடி பருத்தி போடுங்க தாயி" என்று மட்டும் கேட்டாள். சிறையில் கிடக்கிறவன் பெண்டாட்டி மடியேந்தி நிற்கும்போது எவள் கதவைச் சாத்துவாள்? ஒவ்வொருத்தியும் உள்ளே போனாள். செம்பு சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தியும் கண்ணைப் பார்க்காமல் மடியில் போட்டாள். ஒருத்தி போட்டுவிட்டு அழுதாளாம். நாலைந்து பெண்கள் பின்னாலேயே கூடை தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீக்கடையில் துண்டை உதறினவர் வீட்டிலிருந்து மட்டும் ஒரு வண்டி நிறையப் பருத்தி வந்தது.

தொழுவத்து மாடுகளை வெளியே கட்டிவிட்டு அங்கே அம்பாரம் போட்டார்கள். இடுப்பு உயரம் வந்தது. போதாது. அன்று சாயங்காலம் காந்திமதியம்மாள் சாமான் பூட்டி வைக்கிற உள்ளறையான அரங்குவீட்டைத் திறந்தாள். அந்த வருஷத்து இரண்டாம் எடுப்புப் பருத்தி அங்கே கிடந்தது. ஒரு செம்பையும் வேப்பங்குழையையும் எடுத்துவந்து, பெண்கள் எல்லாரும் பார்க்கப் பார்க்கச் சிலுப்பினாள். "வெளையாட்டுக்கு இல்ல, இந்த வருஷத்துப் பாடு இது. வீணாப் போச்சோ, ஒன்னக் கொன்னுருவேம்ல" என்றாள் மகனிடம். அம்பாரம் இரண்டாள் உயரத்துக்கு ஏறியது.

அதற்கப்புறம்தான் காலேஜ் ஐயாவுக்கு உண்மையான சோதனை. காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் ஐந்து தடவை அம்பாரத்தைத் தோண்டி, நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. இரண்டாம் நாள் ஏழெட்டுத் தடவை தோண்டினான். மூன்றாம் நாள் வெதுவெதுப்பு இருக்கிற மாதிரி இருந்தது. சந்தேகம் வந்து இன்னும் ஆழமாகத் தோண்டினான், குளிர்ந்துபோய்விட்டது. நாலாம் நாளும் அதே கதை. கோர்ட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். தொழுவத்துக்கும் வாசலுக்குமாக அலைந்தான். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் ரத்தம் வந்தது. தான் நினைத்ததே தப்போ, முதலில் எழுதிக்கொடுத்ததுதான் சரியோ என்று குழம்பினான். ஐந்தாம் நாள் காலையில் அவன் மறுபடியும் கையை விடப் போனபோது பேச்சித்தாய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். கூலிக்கு வந்தவள் எசமான் வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடிப்பது அந்த ஊரில் சின்னக் காரியம் இல்லை.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா? அடுப்புல ஒலை வச்சவ நிமிசத்துக்கு ஒருக்க மூடியத் தொறந்தா சோறு எப்ப வேகும்? என் புருசன் உள்ள கெடக்கான். நானே பொறுத்துக்கிட்டு நிக்கேன், ஒங்களுக்கு என்ன?"

அவனுக்குச் சுருக்கென்றது. பிரித்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எதைப் பார்க்க வேண்டுமோ அதையே அவன் அணைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தோண்டின குழிகளை எல்லாம் அவளே அமுக்கி மூடினாள். ஒரு நீள இரும்புக் கம்பியை நடுவரைக்கும் செருகிவிட்டு, "நான் சொல்லுத அன்னைக்குத்தான் இத உருவணும்" என்று உத்தரவு போட்டாள். தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்து அவனுக்குக் காவலும் இருந்தாள். அவன் கிணற்றடிக்கும் ரதவீதிக்கும் கோயில் வாசலுக்குமாக நடந்து தீர்த்தான். கோயிலுக்குள் போகவில்லை. அங்கே போய் எந்த முகத்தோடு எதைக் கேட்பது?

கேஸ் நாளன்று கோர்ட்டில் எழுந்து நின்று, தன் கையெழுத்துப் போட்ட காகிதம் தப்பு என்று சொன்னான். கோர்ட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சப்-மாஜிஸ்டிரேட் நெல்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னைக்கு உறுதியாச் சொன்னீங்க, இன்னைக்கும் உறுதியாச் சொல்றீங்க. எதை நம்ப?" என்று கேட்டார்.

"என்னை நம்ப வேண்டாங்க. தெருவைத் தாண்டினா எங்க தொழுவம். வந்து பாருங்க."

அவர் வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. பேச்சித்தாய் தலையை ஆட்டியதும் நாறும்பூநாதன் கம்பியை உருவினான். உருவியவன் "ஸ்ஸ்" என்று கீழே போட்டான். கம்பி விழுந்த இடத்தில் இருந்த வைக்கோல் துரும்பில் ஈரம் சுரீர் என்றது. அம்பாரத்து ஓட்டையிலிருந்து நடுவாந்திரத்து ஆவி, கருகல் வாசனையோடு மெதுவாக வெளியே வந்தது. நெல்லைநாயகம் ஓட்டையருகே கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"யாரோட பருத்தி இது?" என்று கேட்டார் அவர்.

"ஊரோடதுங்க. இதுல எந்தக் கைப்பிடியை வெளியே எடுத்தாலும் சுடாது."

"அப்போ தேர் இழுக்கிற மாதிரின்னு சொல்றீங்க. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம்."

"இல்லீங்க. தேர்ல ஆளுக்கு ஒரு பங்கு பலம் முதல்லேயே இருக்கு, அதைக் கூட்டினாப் போதும். இதுல பங்கு பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு கைப்பிடியும் அடுத்த கைப்பிடியைப் பொத்தி வைக்குது. அப்படிப் பொத்தி வைக்கிறதுலதான் தீ பிறக்குது. தனியா எதுலயும் அது இல்லை."

நெல்லைநாயகம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அவர் பார்வையைச் சந்திக்கவில்லை. சண்முகையா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒருவர் வாயும் திறக்கவில்லை, ஆனால் இரண்டாள் உயரத்துக்கு ஊரின் வாக்குமூலம் அங்கே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "இதுக்கு யாரைப் பிடிச்சு உள்ள போடன்னு சட்டத்துல இல்லை. இவனை வச்சிருக்கவும் முகாந்திரம் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்கு நடந்தார்.

ஒரு மணி நேரத்தில் துரைப்பாண்டியை விட்டுவிட்டார்கள். இருபத்தாறு நாளில் பாதி ஆளாகியிருந்தான். பெண்டாட்டி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் தோளுக்கு மேலே, தெருவுக்கு எதிரே ஆவி விடுகிற தொழுவத்தைப் பார்த்தான், நேரே உள்ளே போய்ச் சுவரில் சாய்த்திருந்த மண்வாரியை எடுத்தான்.

"இத இப்படியே விட்டு வச்சிருக்கீகளே! பொழுது சாயறதுக்குள்ள தொழுவமும் போயிரும், வீடும் போயிரும். கலைச்சு விடுங்க, கலைச்சு விடுங்க!"

ஊரே சேர்ந்து கலைத்தது. அம்பாரத்தின் நடு பழுப்பேறிக் கிடந்தது. முற்றத்தில் பரப்பப் பரப்ப ஆவி நின்று, எல்லாம் பழையபடி பருத்தியாகக் கிடந்தது. நாறும்பூநாதன் துரைப்பாண்டியின் அருகில் போனான்.

"துரைப்பாண்டி, நான் எழுதிக் குடுத்த காயிதத்தாலதான் நீ..."

துரைப்பாண்டி வாரியை நிறுத்தவில்லை. "ஒங்க ஒரு காயிதத்துக்கா அய்யா என்னைய உள்ள போட்டாக? பீடி குடிப்பான்னாரு மொதலாளி. மொறைச்சுப் பாப்பான்னான் வண்டிக்காரன். எங்கயோ இருந்து வந்த ஆட்டுக்காரப் பயதானன்னாக டீக்கடையில. நீங்க ஒரு காயிதம் எழுதினீக. தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் சுடாது. உள்ள இருந்தது நானு, எனக்குச் சுட்டுச்சு."

"அப்ப யார் மேலயும் தப்பு இல்லேங்கியா?"

"அப்படி நான் சொல்லல" என்றான் துரைப்பாண்டி.

முற்றத்தில் பெண்கள் குனிந்து அவரவர் மடிக்கு ஒரு மடி பருத்தியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எது தன்னுடையது என்று எவளுக்கும் தெரியாது. இருந்தாலும் எவளும் அள்ளாமல் போகவில்லை. காந்திமதியம்மாளும் குனிந்து தன் முந்தானையில் ஒரு குத்து அள்ளிக்கொண்டாள். நாறும்பூநாதனும் குனிந்து, பழுப்பேறின பருத்தியில் ஒரு கைப்பிடி எடுத்தான். அது ஆறிப்போயிருந்தது. அவன் அதைக் கீழே போடவில்லை.